பதினாறு குதிரைவலுவில் வட துருவம்

1968ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 19ஆந் திகதி, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த காப்புறுதி முகவர் ஒருவர் மூன்று தோழர்களுடன் வட துருவத்தை அடைந்தார். ரால்ஃப் பிளெயிஸ்ரெட் என்பது அவர் பெயர். அவர்களோடு நாய்கள் இருக்கவில்லை. உறைந்த சமுத்திரத்தின் மேலாக நாற்பது நாட்களுக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தை அவர்கள் ஸ்னோமொபைல் எனப்படும் பனியூர்திகளிலேயே செய்து முடித்தனர். அமெரிக்க விமானப்படையின் விமானமொன்று மேலே பறந்து, அவர்கள் நின்ற இடம் துருவமே என உறுதிப்படுத்திற்று. 1909இல் துருவத்தை அடைந்ததாக ரொபேர்ட் பியரி கூறியது சர்ச்சைக்குரியதாகவே இருந்து வருவதால், ஐயத்துக்கு இடமின்றிப் பனியின் மேற்பரப்பு வழியாக அங்கு முதலில் சென்றவர்கள் இந்த நால்வருமே எனக் கருதுவோர் பலர்.

இந்த வரலாற்றில் என் கவனத்தைப் பிடித்து நிறுத்தியது ஓர் எண். அவர்கள் ஓட்டிச் சென்ற வண்டிகளின் எஞ்சின் கொள்ளளவு சுமார் 300 சிசி. வலு 16 குதிரைவலு. கொழும்பு வீதிகளில் நாம் அன்றாடம் காணும் 150 சிசி மோட்டார் சைக்கிளின் வலுவும் ஏறத்தாழ இவ்வளவுதான். அவ்வளவு வலுவோடு மனிதன் பூமியின் உச்சிக்குப் போனான். எரிபொருளும் உணவும் விமானத்தில் வந்து சேர்ந்தன என்பது உண்மையே. ஆனால், வீடுயரத்துக்கு எழுந்து நிற்கும் பனிக்கட்டி முகடுகளின் மேலாக வண்டியைத் தள்ளியும் இழுத்தும் தூக்கியும் கடத்தியவர்கள் அவர்கள்தாம். அத்தகைய இடத்தில் நூறு கிலோ பாரம் கூடிய வண்டி வலுவுள்ளதாயினும் சுமையே.

இன்று விற்பனைக்கு வரும் ஒரு வண்டியைப் பாருங்கள். கனடிய நிறுவனமான ஸ்கீ-டூவின் 849 சிசி டூ ஸ்ரோக் எஞ்சின் 165 குதிரைவலு தருகிறது. டேர்போ பூட்டிய அதன் இன்னொரு வடிவம் 180 தருகிறது. 2017ஆம் ஆண்டு மாதிரியாக யமஹாவும் ஆர்க்ரிக் கற்றும் வெளியிட்ட 998 சிசி ஃபோர் ஸ்ரோக் டேர்போ வண்டிகள் 200 குதிரைவலுவைத் தொட்டன. ஒரு குடும்பத்தையே ஏற்றிச் செல்லும் காரின் வலுவைவிட இது அதிகம். துருவத்துக்குப் போக 16 போதுமாயிருந்தபோது, வார இறுதியில் ஓர் ஏரியைச் சுற்றி வர 165 எதற்கு?

இது வெறும் விளம்பரதாரரின் சூழ்ச்சி என்று எழுதிவிட்டுப் போவது எளிது. பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்கு அப்படி எழுதக் கை துடிக்கும். ஆனால் விடயம் அத்தனை எளிதன்று.

இதை நான் அறிய நேர்ந்ததற்குக் காரணம் என் தமக்கையின் மகன். ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே, தங்கச் சுரங்கங்களுக்குப் பேர்போன ரிமின்ஸ் நகரில் வேலை செய்பவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாரிகாலத்தில் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அப்போது அவனுக்குப் பனியூர்தி வாங்கும் எண்ணம் பிறந்திருந்தது. மேசையில் சாப்பாட்டுக் கோப்பைகளைவிட விளம்பரக் கையேடுகளே அதிகம். அவனுடைய மனம் 850இல் இருந்தது. அவனோடு வேலை செய்யும் நடுவயதுக்காரர் ஒருவர், ஜேம்ஸ் குடாக் கரையைச் சேர்ந்த கிறீ இனத்தவர், அதை வேண்டாம் என்று தலையசைத்துக்கொண்டே இருந்தார். அதிகம் பேசாத மனிதர். அவருடைய ஊருக்குக் கோடையில் வீதி கிடையாது. மாரியில் பனியே வீதி. அந்த இருவருக்குமிடையில் நடந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நான், பழைய தொழில் பழக்கத்தால் குறிப்புகள் எடுக்கத் தொடங்கினேன். ஊர் திரும்பிய பின்னரும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

பனியூர்தியின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஜோசப்-ஆர்மன் பொம்பார்டியே. கியூபெக் மாகாணத்தின் வல்கூர் என்ற சிற்றூரில் 1907இல் பிறந்தவர். பதினைந்தாவது வயதில், தந்தை கொடுத்த பழைய ஃபோர்ட் கார் எஞ்சின் ஒன்றைச் சறுக்குச் சட்டத்தில் பூட்டி, பின்புறம் விமான விசிறி ஒன்றைச் சுழலவிட்டுத் தெருவில் ஓட்டினார். அது 1922. விசிறிக்குக் கவசம் ஏதுமில்லை. தந்தை அந்த வண்டியைக் கழற்றிவிடும்படி கட்டளையிட்டதாகச் சொல்வார்கள். எந்தத் தந்தையும் அதைத்தான் செய்திருப்பார்.

1934ஆம் ஆண்டு மாரியில் அவருடைய இரண்டு வயது மகன் இவோன் குடல்வால் அழற்சியால் நோயுற்றான். வீதிகள் பனியால் மூடிக்கிடந்தன. வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல முடியவில்லை. பிள்ளை இறந்தான். இந்தத் துயரமே பனியூர்தியைப் பிறப்பித்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது முழு உண்மையன்று. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே அவர் முயன்றுகொண்டிருந்தார். ஆயினும் அதன்பின் அவர் செய்த வண்டிகளைப் பார்த்தால், அந்த மரணம் எங்கே போய்ப் பதிந்தது என்பது விளங்கும். அவை விளையாட்டு வண்டிகளாக இருக்கவில்லை. 1937இல் வந்த பி-7 ஏழு பேரையும், பின்னர் வந்த பி-12 பன்னிரண்டு பேரையும் ஏற்றிச் சென்றன. வைத்தியர்கள் அவற்றில் சென்றனர். தபால் சென்றது. பாடசாலைப் பிள்ளைகள் சென்றனர். பிரேதங்களும் சென்றன.

அந்த வண்டிகளில் இருந்தவை கார் எஞ்சின்களே. பாரம் மிகுந்தவை. ஒருவர் மட்டும் ஏறிச் செல்லும் சிறு வண்டியைச் செய்ய வேண்டும் என்ற இளமைக்கால ஆசையை பொம்பார்டியே மறக்கவில்லை. ஆனால் அதற்கு ஏற்ற எஞ்சின் உலகில் இருக்கவில்லை. வலு இருந்தால் பாரம் கூடியது. பாரம் குறைந்தால் வலு போதவில்லை. இரண்டும் அமைந்தால் சில மணித்தியாலங்களில் பழுதடைந்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் காத்திருந்தார் என்றே சொல்லலாம். 1950களின் பிற்பகுதியில் இலேசான, நம்பத்தக்க சிறு எஞ்சின்கள் சந்தைக்கு வந்தன. அவருடைய மூத்த மகன் ஜெர்மேன் இணைப்பற்ற அகன்ற இறப்பர்ப் பட்டியைச் செய்யும் முறையை உருவாக்கினார். 1959இல் ஸ்கீ-டூ பிறந்தது. அதன் எஞ்சின் ஃபோர் ஸ்ரோக். வலு ஏழு குதிரைவலு. ஐந்து ஆண்டுகளில், 1964இல், பொம்பார்டியே காலமானார். 1968இல் துருவத்தை அடைந்த நால்வரில் ஒருவர் அவருடைய சகோதரரின் மகன் ஜோன்-லுக் பொம்பார்டியே என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

ஸ்கீ-டூவின் தொடக்கம் ஃபோர் ஸ்ரோக்கே ஆனாலும், ஒரு சில ஆண்டுகளில் டூ ஸ்ரோக் எஞ்சின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பொம்பார்டியே நிறுவனம் ஒஸ்திரியாவின் றோட்டாக்ஸ் எஞ்சின்களை வாங்கிப் பூட்டியது; 1970இல் அந்நிறுவனத்தின் தாய்க் கம்பனியையே வாங்கிவிட்டது. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. ஃபோர் ஸ்ரோக் எஞ்சினில் கிராங் தண்டு இரண்டு முறை சுழலும்போது ஒருமுறை வெடிப்பு நிகழ்கிறது. டூ ஸ்ரோக்கில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு. மேலே வால்வுகள் இல்லை, அவற்றைத் தள்ளும் தண்டு இல்லை, கீழே எண்ணெய்த் தொட்டி இல்லை. ஒரே பாரத்தில் அதிக வலு. தூளான ஆழ்பனியில் வண்டி மிதக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு.

அதற்கு அது கொடுக்கும் விலை என்ன? டூ ஸ்ரோக் எஞ்சினின் சிலிண்டர்ச் சுவரிலே வாயில்கள் வெட்டப்பட்டிருக்கும். பிஸ்ரனின் வளையங்கள் ஒவ்வொரு முறையும் அந்த வாயில்களின் விளிம்பை உரசிக் கடக்கின்றன. எண்ணெய் சுற்றிச் சுற்றி வந்து குளிர்விப்பதில்லை. துளித்துளியாக உள்ளே சென்று எரிந்து புகையாகிறது. ஆறுவதற்கு ஒரு சுழற்சிகூட ஓய்வில்லை. ஆகவே பிஸ்ரனும் வளையங்களும் தேயும். பத்தாயிரம் கிலோமீற்றரை நெருங்கிய டூ ஸ்ரோக் வண்டியை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "பிஸ்ரன் மாற்றியாயிற்றா?" என்பதே. அதே தூரம் ஓடிய ஃபோர் ஸ்ரோக் வண்டி என்றால் அந்தக் கேள்வி எழுவதில்லை.

மருமகனின் கையேடுகளை வைத்துக்கொண்டு நான் ஒரு சிறு கணக்குப் போட்டேன். துருவத்துக்குப் போன எஞ்சின் ஒரு லீற்றர் கொள்ளளவுக்கு 53 குதிரைவலு தந்தது. இன்றைய 849 சிசி எஞ்சின் 194 தருகிறது. அதே நிறுவனத்தின் 600 சிசி ஃபோர் ஸ்ரோக் எஞ்சின் ஏறக்குறைய 60 குதிரைவலு, அதாவது லீற்றருக்கு 100 மட்டுமே. எஞ்சினிடமிருந்து எவ்வளவு பிழிந்தெடுக்கிறோம் என்பதை இந்த எண் காட்டுகிறது. கையேட்டின் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நிற்பது குதிரைவலு. இந்த எண்ணை யாரும் அச்சிடுவதில்லை. நாமே வகுத்துப் பார்க்க வேண்டும்.

வலுவைக் கூட்ட மூன்று வழிகளே உண்டு. எஞ்சினைப் பெரிதாக்கலாம், பாரம் கூடும். வேகமாகச் சுழற்றலாம், தேய்மானம் கூடும். காற்றை அமுக்கித் திணிக்கலாம், வெப்பம் கூடும். மேற்சொன்ன 849 சிசி எஞ்சினின் பிஸ்ரன் ஒரு வீச்சில் 80.4 மில்லிமீற்றர் நகர்கிறது. நிமிடத்துக்கு 8,000 சுழற்சி என்று வைத்தால், சராசரி வேகம் செக்கனுக்கு 21 மீற்றருக்கு மேல். அந்த ஒரு செக்கனில் பிஸ்ரன் 266 தடவை நின்று, திசை மாறிப் புறப்படுகிறது. அத்தகைய எஞ்சின் ஒரு மாரி முழுவதும் உடையாமல் ஓடுகிறது என்பதே உலோகவியலாளரின் பெரும் சாதனை. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1970களின் டூ ஸ்ரோக் எஞ்சினோடு ஒப்பிட்டால் இன்றையது வேறு பிறவி. பெற்றோல் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது, எண்ணெயின் அளவைக் கணினி தீர்மானிக்கிறது.

இனிக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெப்பநாட்டு எஞ்சின் அறிவு அங்கே தலைகீழாகிறது. குளிர் எஞ்சினுக்கு நல்லதுதானே என்று நானும் கேட்டேன். கிறீக்காரர் முதன்முறையாகச் சிரித்தார்.

மறை 40 பாகையில் காற்று, சுழியப் பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ 17 சதவீதம் அடர்த்தி கூடியது. காபரேற்றர் பூட்டிய பழைய எஞ்சின் ஒன்றைச் சுழியப் பாகைக்கு ஏற்பச் சரிசெய்துவிட்டுக் கடுங்குளிரில் ஓட்டினால், காற்றுக்கு ஏற்ற பெற்றோல் கிடைக்காது. கலவை மெலியும். மெலிந்த கலவை கடும் வெப்பத்தோடு எரியும். பிஸ்ரனின் தலையில் ஓட்டை விழும். வெளியே உறைபனி, உள்ளே அலுமினியம் உருகுகிறது! ஊசிமூலம் எரிபொருள் தெளிக்கும் இன்றைய எஞ்சின்களில் உணரிகள் இதைக் கவனித்துக்கொள்கின்றன. ஆனால் வடக்கே இன்னும் ஓடும் வண்டிகளில் காபரேற்றர் வண்டிகள் ஏராளம்.

இன்னொன்று. காலையில் எஞ்சினை இயக்கி உடனே விசையை முழுதாகத் திருகினால், மெல்லிய பிஸ்ரன் சில செக்கன்களில் சூடாகி விரிந்துவிடும். சுற்றியுள்ள சிலிண்டரோ பனிக்கட்டிபோற் குளிர்ந்து சுருங்கியே இருக்கும். பிஸ்ரன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வலுக்கூடிய எஞ்சின்களில் இடைவெளிகள் நுண்மையானவை. ஆகவே பொறுமையும் அதிகம் வேண்டும்.

குளிர்விப்பு முறையோ விசித்திரமானது. காரில் இருப்பதுபோல் முன்னே பெரிய றேடியேற்றர் இந்த வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. பட்டி சுழலும் கூட்டுக்கு உட்புறத்தில் வெப்பத்தைக் கடத்தும் தகடுகள் உண்டு. பட்டி வாரியெறியும் பனி அவற்றில் பட்டு உருகும்போதுதான் எஞ்சின் நீர் குளிர்கிறது. பனித்தூள் இல்லாத வெறும் பனிக்கட்டியில், உறைந்த ஆற்றின் மேல் ஓடினால், மறை 30 பாகையிலும் எஞ்சின் கொதிக்கும். இதற்கென்றே பனிக்கட்டியைக் கீறித் துகள்களை எழுப்பும் எஃகுக் கம்பிகளைப் பக்கத்தில் தொங்கவிடுகிறார்கள். நீரே இல்லாமல், விசிறிக் காற்றால் மட்டும் குளிரும் பழைய எஞ்சின்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 60 குதிரைவலுவை அவை பெரிதாகத் தாண்டுவதில்லை. ஆனால் கசிவதற்கு நீரில்லை, உடைவதற்குக் குழாயில்லை. அந்தக் கிறீக்காரர் தமது ஊர்ப் பயணத்துக்கு வைத்திருந்தது அத்தகைய வண்டி ஒன்றைத்தான்.

இதைக் கேட்டபோது எனக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களை அங்கு வாழ்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். புதிய, உயர் அமுக்கமுள்ள எஞ்சின்கள் இடித்து இருமி நின்றன. எங்கள் தந்தையர் காலத்து மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் புகைத்துக்கொண்டே ஓடின. அவற்றின் எஞ்சின்கள் தம் கொள்ளளவுக்கு மிகக் குறைந்த வலுவையே தருவதற்கு அமைக்கப்பட்டவை. குறைவாகக் கேட்கப்பட்டவன் நிறையப் பொறுத்துக்கொள்வான். நான் அக்காலத்தில் வேலை செய்த பத்திரிகையின் அச்சுக்கூடத்தில், பழைய டீசல் மின்பிறப்பாக்கியைப் பராமரித்த முதியவர் முழுச்சுமை ஏற்ற ஒருபோதும் விட்டதில்லை. பக்கங்கள் பிந்தினாலும் பரவாயில்லை என்பார். ஆசிரியர் பீடத்தில் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்போம். பத்திரிகை வெளிவராத நாள் அந்த எஞ்சினால் வந்ததில்லை.

ஆனால் என் அனுபவத்தை எல்லா இடத்துக்கும் அளவுகோலாக வைத்துவிட முடியாது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் அடி ஏறும்போதும் சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ மூன்று சதவீதத்தை இழக்கிறது. கொலராடோ மலைகளில் பத்தாயிரம் அடி உயரத்தில் இடுப்பளவு தூள்பனியில் ஏறுபவனுக்கு, 165 என்று எழுதிய வண்டியில் ஏறக்குறைய 120தான் மிஞ்சும். அங்கே டேர்போ ஆடம்பரமல்ல. இழந்ததை மீட்டுக் கொடுக்கிறது. 2020ஆம் ஆண்டு மாதிரியாக வந்த முதலாவது தொழிற்சாலை டேர்போ டூ ஸ்ரோக் செய்ததும் அதையே. 8,000 அடிவரை அதே 165ஐக் காப்பாற்றித் தந்தது. பனிச்சரிவிலிருந்து தப்பியோட வலு உதவும் என்று மலை ஓட்டிகள் சொல்வது மெய். முன்னர் யாரும் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளுக்கு அவர்களைக் கொண்டு சேர்ப்பதும் அதே வலுதான். பனிச்சரிவில் புதையுண்டு ஆண்டுதோறும் மடிவோரில் பனியூர்தி ஓட்டிகளும் இருக்கிறார்கள்.

என் மருமகன் இருப்பதோ மலையிலன்று. ஒன்ராறியோவின் வடக்கு பெரும்பாலும் ஏரியும் சதுப்பும் காடும். மாகாணச் சட்டம் பொதுப் பனித்தடங்களில் அனுமதிக்கும் உயர் வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். இதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். "மாமா, சட்டம் வேறை, ஏரி வேறை" என்றான். இளவயதினரோடு வாதாடுவதில் இதுதான் சிக்கல், உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

பழுது என்ற சொல்லுக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. தென் ஒன்ராறியோவில் பட்டி அறுந்தால் கைத்தொலைபேசியில் நண்பனை அழைக்கலாம். ஆர்க்டிக் கரையில், பின்னே மரச் சறுக்கு வண்டியில் இறைச்சியும் பெற்றோலும் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீற்றர் தள்ளிப் போன இனுவிற் வேட்டைக்காரனுக்கு அது வேறு. முன்னர் நாய்கள் இழுத்தன. நாய்க்குப் பெற்றோல் வேண்டாம். வேட்டையாடிய கடல்நாயையே தின்னும். புயலில் கண் தெரியாதபோதும் வீட்டுக்கு வழி அறியும். ஒரு நாய் செத்தால் மற்றவை இழுக்கும். பனியூர்தியில் ஒரு பிஸ்ரன் செத்தால் முழு வண்டியும் சாகிறது. ஆயினும் 1960களிலும் 70களிலும் வடக்கு முழுவதும் நாய்களின் இடத்தை இயந்திரம் பிடித்தது. அலாஸ்காவில் இழுவை நாய்கள் அருகிப்போவதைக் கண்டு கவலையுற்ற ஜோ ரெடிங்ரன் என்பவரின் முயற்சியாலேயே 1973இல் இடிற்றாரொட் நாய்வண்டி ஓட்டம் தொடங்கியது. அதே அலாஸ்காவில் 1984 முதல் நடந்துவரும் அயர்ன் டோக் என்ற நெடுந்தூரப் பனியூர்திப் போட்டியில், ஓட்டிகள் இருவர் இருவராகவே செல்ல வேண்டும் என்பது விதி. ஒருவருடைய வண்டி நின்றுவிட்டால் மற்றவர் இருக்க வேண்டுமல்லவா?

பேர்ற்றி பெல்ற்றோ என்ற மானிடவியலாளர் பின்லாந்தின் வடகோடியில் வாழும் ஸ்கோல்ட் சாமி மக்களிடையே இந்த மாற்றத்தை ஆராய்ந்து 1973இல் 'பனியூர்திப் புரட்சி' என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். கலைமான் மேய்ப்பவர்கள் அவர்கள். 1960களின் தொடக்கத்தில் முதல் வண்டிகள் வந்து பத்தாண்டுகூட ஆகவில்லை. கலைமான் இழுத்த சறுக்கு வண்டிகள் மறைந்துவிட்டன. வண்டியின் விலையும் பெற்றோலும் உதிரிப்பாகமும் பணமாகக் கொடுக்க வேண்டியவை. அதுவரை பணம் அதிகம் தேவைப்படாத வாழ்வு அது. செலவைத் தாங்க முடியாதவர்கள் மேய்ச்சலைக் கைவிட்டனர். ஏறத்தாழச் சமமாயிருந்த மக்களிடையே இருப்பவன், இல்லாதவன் என்ற பிரிவு வந்தது. எஞ்சினின் ஆயுள் என்பதை நாம் பொறியியல் விடயமாகவே பார்க்கிறோம். ஒரு பிஸ்ரன் மூன்று மாரி தாங்குமா, ஒன்று மட்டும் தாங்குமா என்பதில் ஒரு குடும்பத்தின் தொழிலே தங்கியிருந்தது அங்கே.

இத்தனைக்குப் பின்னரும் சந்தை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு யமஹாவின் கதை சான்று. 1968இல் இத்துறையில் இறங்கிய அந்த ஜப்பானிய நிறுவனம், 2003ஆம் ஆண்டு மாதிரியாகத் தன் பந்தய மோட்டார் சைக்கிளின் 998 சிசி எஞ்சினைப் பனியூர்தியில் பூட்டி ஃபோர் ஸ்ரோக் யுகத்தை வலுவோடு தொடக்கி வைத்தது. அக்காலம் அதற்குச் சாதகமாகவும் இருந்தது. யெல்லோஸ்ரோன் தேசியப் பூங்காவின் வாயிலில் டூ ஸ்ரோக் புகை தாங்காமல் காவலர்கள் முகமூடி அணிந்து நின்ற படங்கள் 2002இல் பத்திரிகைகளில் வந்தன. அதன்பின் புகையும் ஓசையும் குறைந்த வண்டிகளுக்கே அங்கு அனுமதி என்றாயிற்று. ஃபோர் ஸ்ரோக் வெல்லும் என்றே பலரும் எண்ணினர். யமஹா வண்டிகள் நீடித்து உழைப்பவை என்று பெயர் எடுத்தன. பாரமானவை என்ற பெயரும் கூடவே வந்தது. டூ ஸ்ரோக் எஞ்சின்களோ நேரடித் தெளிப்பினால் தம் புகையைக் குறைத்துக்கொண்டு, இலேசுத் தன்மையையும் விடாமல் மீண்டும் எழுந்துவிட்டன. 2023இல் யமஹா இத்தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. வட அமெரிக்காவில் அதன் கடைசி வண்டிகள் 2025ஆம் ஆண்டு மாதிரியோடு முடிந்தன. இதற்கு ஆயுள் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பனிக்காலமே சுருங்கி வரும் உலகில் சந்தையும் சுருங்குகிறது. ஆனால் ஒவ்வோர் இரண்டாண்டுக்கும் வண்டியை மாற்றுபவன், இருபதாயிரம் கிலோமீற்றர் ஓடும் எஞ்சினுக்காக முப்பது கிலோவைச் சுமக்க விரும்பமாட்டான். அந்த இருபதாயிரத்தை ஓடி முடிக்கப்போகிறவன் பெரும்பாலும் அவனிடமிருந்து வாங்கும் மூன்றாவது ஆள். கடைக்காரன் அந்த மூன்றாவது ஆளைக் காண்பதேயில்லை.

மருமகன் இறுதியில் வாங்கியது 600 சிசி ஃபோர் ஸ்ரோக் வண்டி, பழையது, அகன்ற பட்டி உடையது. விலைதான் தீர்மானித்தது என்று அவன் சொல்கிறான். கிறீக்காரர் வந்து பார்த்துவிட்டு, எஞ்சினைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையாம். கிளச்சுக்கு மேலுள்ள மூடியைத் திறந்து, மேலதிக பெல்ற் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாராம். எஞ்சினுக்கும் பட்டிக்கும் இடையில் வலுவைக் கடத்துவது அந்த ஒரு இறப்பர் வார்தான். அது அறுந்தால் 60 குதிரைவலுவும் 165 குதிரைவலுவும் ஒன்றே.

இப்போது மின்கல வண்டிகளும் வந்துவிட்டன. தேயும் பாகங்கள் குறைவு, புகையில்லை. ஸ்கீ-டூ வெளியிட்ட மின் வண்டிக்கு ஒருமுறை மின்னேற்றினால் 50 கிலோமீற்றர் என்று கணக்கு. சுற்றுலா விடுதிகளுக்கு அது போதும்.

1959 ஏப்பிரலில் பொம்பார்டியே தம் முதலாவது ஸ்கீ-டூக்களில் ஒன்றை ஒன்ராறியோவின் வடக்கே லான்ஸ்டௌண் ஹவுஸ் என்ற இடத்துக்கு, அங்கு பணியாற்றிய மொறிஸ் உவிமே என்ற கத்தோலிக்க மிஷனரிக் குருவானவருக்குக் கொண்டு சென்று கொடுத்தார். அங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் பின்னர் அருகே குடியமர்ந்த ஊருக்கு நெஸ்கன்ராகா என்று பெயர். அந்த ஊருக்கு ஆண்டு முழுவதும் செல்லக்கூடிய வீதி இன்னமும் இல்லை. மாரியில் பனிப்பாதை, மற்றக் காலத்தில் விமானம். பிஸ்ரன் வளையம் ஒன்று வேண்டுமானாலும் விமானத்தில்தான் வரவேண்டும்.